சொகுசு வண்டியும் எஞ்சின் பருமனும்

மோட்டார் வண்டிகளின் பின்மூடியிலே பொறிக்கப்பட்டிருக்கும் இலக்கங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். 300 என்றும், 500 என்றும், 600 என்றும் அவை விளங்கும். பெரும் பணம் கொடுத்து வாங்கப்படும் நாற்கதவுச் சொகுசு வண்டிகளில் இவ்விலக்கம் நெடுங்காலம் ஒரு பட்டம் போலவே இருந்து வந்தது. வண்டியின் முன்மூடிக்குக் கீழே எத்துணைப் பெரிய எஞ்சின் இருக்கின்றது என்பதை அது ஊரறியச் சொல்லிற்று. இன்றோ அவ்விலக்கங்கள் அப்படியே இருக்க, எஞ்சின்கள் சிறுத்துவிட்டன. சில வண்டிகளில் எஞ்சினே இல்லை. ஆகவே, ஒரு கம்பனியின் தலைசிறந்த வண்டிக்குப் பெரிய எஞ்சின் இன்னும் வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. அதனையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

இத்தகைய வண்டியை வாங்குவோர் நம்முள் மிகச் சிலரே. எனினும், இந்த வினா அவர்களோடு நின்றுவிடுவதன்று. பருமனைக் கொண்டே வலுவை மதிப்பதும், பருமனைக் கொண்டே வரி விதிப்பதும், பருமனைக் கொண்டே பெருமை பேசுவதும் எல்லா வகை வண்டிகளுக்கும் பொதுவாகிவிட்டன. அந்த அளவுகோல் இன்றும் மெய் சொல்கின்றதா என்பதை அறிவது சிறிய வண்டி வாங்குவோனுக்கும் பயன்படும்.

முதலில், எஞ்சினின் பருமன் என்பது யாது? எஞ்சினுள்ளே சிலிண்டர் எனப்படும் உருளைகள் உள. ஒவ்வோர் உருளையினுள்ளும் பிஸ்டன் ஒன்று மேலுங் கீழுமாக ஓடுகின்றது. பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை செல்லும்பொழுது அது வெளிப்படுத்தும் இடத்தின் கனவளவை எடுத்து, உருளைகளின் தொகையாற் பெருக்கினால் வருவதே எஞ்சினின் பருமன். அதை லீற்றரிலோ கன சென்ரிமீற்றரிலோ கூறுவர். 6 லீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும்பொழுது, முழுதாக மூச்செடுக்குமாயின், ஏறத்தாழ 3,000 லீற்றர் வளியை உள்ளிழுக்கும். அவ்வளிக்குத் தக்க அளவு பெற்றோலைச் சேர்த்து எரிக்கலாம். எரிவது மிகுந்தால் தள்ளும் விசையும் மிகும். ஆதலின், இயல்பாக மூச்சுவிடும் எஞ்சினைப் பொறுத்தவரை, விசை பெருகவேண்டின் பருமன் பெருகவேண்டும். அல்லது எஞ்சின் மிக விரைந்து சுழலவேண்டும். விரைந்து சுழன்றால் இரைச்சலும் அதிர்வும் தேய்மானமும் உடன் வரும். சொகுசு வண்டியில் அமர்ந்திருப்பவன் இம்மூன்றையும் விரும்பான். எனவே அவனுக்காக வண்டி செய்தோர் பருமனையே தேர்ந்தனர்.

இதற்குச் சிறந்த சான்று 1906 ஆம் ஆண்டில் தோன்றிய றோல்ஸ் றோய்ஸ் 40/50 என்னும் வண்டி. 'சில்வர் கோஸ்ற்' என்ற பெயராலே உலகம் அதனை அறியும். அதன் ஆறு உருளை எஞ்சின் முதலில் 7 லீற்றர் பருமனுடையது. ஆனால் அது ஈன்ற வலுவோ 50 குதிரைவலுவுக்கும் உட்பட்டது. இன்று 1 லீற்றர் பருமனுள்ள சிறிய எஞ்சினே அதனினும் கூடிய வலுவைத் தருகின்றது. அவ்வாறாயின் அத்துணைப் பெரிய எஞ்சினால் விளைந்த பயன் யாது? 1911 ஆம் ஆண்டில் அவ்வண்டிகளுள் ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை மேற்கியரிலேயே செலுத்தப்பட்டது. நடைவேகத்திலிருந்து பெருவேகம் வரை கியரை மாற்றாமலே எஞ்சின் வண்டியை இழுத்துச் சென்றது. அதுதான் பயன். முயற்சி வெளியே தெரியாமல் வேலை நடந்தது. தன் வண்டியின் குதிரைவலு எவ்வளவு என்று கேட்டோருக்குத் தொகை எதுவுஞ் சொல்லாமல், 'போதியது' என்று விடையிறுப்பதை அக்கம்பனி நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லிற் சொகுசு வண்டியின் இலக்கணமே அடங்கியுள்ளது எனலாம்.

பின் வந்தோர் சிலர் இவ்விலக்கணத்தை மறந்து பருமனை மட்டும் பற்றிக்கொண்டனர். பிரான்சிலே புகாட்டி செய்த 'றோயால்' என்னும் வண்டியின் எஞ்சின் 12 லீற்றருக்கும் மேற்பட்டது. அரசர்களுக்கென்று கருதிய அவ்வண்டி ஆறே செய்யப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்திடையே அவற்றுள் மூன்றுக்கே வெளியார் வாங்குநராகக் கிடைத்தனர். அமெரிக்காவிலே கடிலாக் கம்பனி 1930 இல் 16 உருளைகளும் 7.4 லீற்றர் பருமனுமுடைய எஞ்சினை வெளியிட்டது.

இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர் இந்த ஆசை மீண்டுந் தளிர்த்தது. 1963 இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 600 என்னும் வண்டி 6.3 லீற்றர் எஞ்சின் உடையது. ஏறத்தாழ 2½ தொன் நிறையுள்ள அவ்வண்டியை மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்ட அந்த எஞ்சினால் முடிந்தது. 1975 இல் அதே கம்பனி 450 எஸ்.ஈ.எல். 6.9 என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடிலாக்கோ 1970 இல் 8.2 லீற்றர் வரை சென்றது.

1973 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெற்றோல் விலை ஏறிற்று. அமெரிக்க அரசாங்கம் எரிபொருட் சிக்கனத்துக்கு விதிகள் வகுத்தது. 8.2 லீற்றரிலிருந்து கீழிறங்கிய கடிலாக், 1982 இல் தன் பெரிய வண்டிகளுக்கே 4.1 லீற்றர் எஞ்சினைப் பூட்டியது. அதன் வலு 125 குதிரைவலு. வண்டிகள் முன்னையினும் இலேசானவையே. ஆயினும் அந்த எஞ்சின் அவற்றைச் சுமந்து திணறியது. பழுதுகளாலும் பெயர் கெட்டது. பருமனை மட்டுங் குறைத்து, அதற்கு ஈடாக வேறெதனையும் செய்யாதொழிந்தால் விளைவு யாதாகும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பெரிய எஞ்சினே வேண்டும் என்று வாதிப்போர் இன்றும் இக்கதையை நினைவூட்டுவர். அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமலில்லை.

அடுத்த கட்டத்திலே போட்டி ஜேர்மனியில் மூண்டது. 1987 இல் பி.எம்.டபிள்யூ. கம்பனி தன் 7 ஆம் வரிசை வண்டிக்கு 12 உருளைகளும் 5 லீற்றரும் கொண்ட எஞ்சினை அமைத்தது. 1991 இல் மெர்சிடிஸ் பென்ஸ் 12 உருளைகளும் 6 லீற்றரும் கொண்ட எஞ்சினால் அதற்கு மறுமொழி கூறியது. பன்னிரண்டு உருளைகள் எதற்கு என்று நீங்கள் வினவலாம். நான்கு உருளை எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறையே தகனம் நிகழும். ஆறு உருளையில் மூன்று முறை. எட்டு உருளையில் நான்கு முறை. பன்னிரண்டு உருளையில் ஆறு முறை. ஒரு தள்ளல் முடியுமுன் மறு தள்ளல் தொடங்கிவிடுவதால், விசை இடையறாத ஒழுக்காக வருகின்றது. மேலும், ஒரே வரிசையில் நிற்கும் ஆறு உருளைகளில் பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பன்னிரண்டு என்பது அத்தகைய ஆறுகள் இரண்டின் சேர்க்கை. ஆதலால், இங்கே இனிமையைத் தருவது லீற்றர்க் கணக்கன்று; உருளைகளின் தொகையும் ஒழுங்குமே.

இந்த இரண்டு ஜேர்மன் வண்டிகளுக்கும் இடையே, 1989 இல், யப்பானிலிருந்து லெக்ஸஸ் எல்.எஸ். 400 வந்தது. எட்டு உருளைகளும் 4 லீற்றரும் உடைய எஞ்சின் அது. முன்மூடியின் மேல் மதுக்கிண்ணங்களைக் கோபுரம் போல் அடுக்கி, சில்லுகளை உருளைப் பொறியின் மீது பெருவேகத்திற் சுழலவிட்டு, ஒரு துளியும் சிந்தாமையை அதன் விளம்பரம் காட்டிற்று. விளம்பரம் விளம்பரமே. எனினும் அதன் பின்னே உண்மையொன்றிருந்தது. பாகங்களை நுட்பமாகக் கடைந்து, அதிர்வு பிறக்குமிடத்திலேயே அதனை அடக்கினால், பன்னிரண்டு உருளைகள் கொடுக்கும் அமைதியை எட்டு உருளைகளாலும் நெருங்கலாம் என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

இனி, பருமனின் அரசாட்சியை உண்மையிற் கவிழ்த்த பொறிக்கு வருவோம். அது டர்போ எனப்படும் காற்றழுத்தி. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுழற்றுகின்றது. அச்சுழலியோடு ஒரே தண்டிற் பிணைக்கப்பட்ட மற்றொரு சுழலி வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் திணிக்கின்றது. அமுக்கம் இரு மடங்காயின், 3 லீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 6 லீற்றருக்குரிய வளியை உட்கொள்ளும். ஆகவே எஞ்சினின் பருமன் நிலையான அளவாயிராது, வேண்டும்பொழுது விரிந்து வேண்டாப்பொழுது சுருங்கும் அளவாக மாறிவிட்டது. இந்தப் பொறி புதிதன்று. ஆயினும் எரிபொருளை நேரே உருளைக்குட் பீய்ச்சும் முறையும், நுண்ணிய மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்த பின்னரே சொகுசு வண்டிக்கு ஏற்ற மென்மையை அது பெற்றது.

இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் இதன் விளைவு புலனாகும். முன்னர்க் கூறிய 1975 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 6.9 வண்டியின் முறுக்குவிசை ஏறத்தாழ 550 நியூற்றன் மீற்றர். 2011 இல் அதே கம்பனி தன் எஸ் வகுப்பு வண்டிக்கு, அவ்வகுப்பின் வரலாற்றிலே முதன் முறையாக, நான்கே உருளைகள் உடைய 2.1 லீற்றர் டீசல் எஞ்சினைப் பூட்டியது. அதன் முறுக்குவிசை 500 நியூற்றன் மீற்றர். பருமனில் மூன்றிலொரு பங்கினும் குறைந்த எஞ்சின், இழுவையில் ஏறத்தாழ ஒப்பாக நின்றது. உயர்ந்த வேகத்துக்குரிய குதிரைவலுவில் அது பின்தங்கியது உண்மையே. ஆனால் நகரத் தெருவிலே பெரிய மனிதர் ஒருவரைச் சுமந்து செல்வதற்கு அது போதியதாயிருந்தது.

பின்மூடியின் இலக்கத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 1990களில் மெர்சிடிஸ் எஸ் 500 என்றால் 5 லீற்றர் எஞ்சின் என்றே பொருள். வலு 320 குதிரைவலு. 2005 இல் வந்த எஸ் 500 இன் எஞ்சின் 5.5 லீற்றர், வலு 388. 2013 இல் வந்ததன் எஞ்சின் 4.7 லீற்றர், ஆயினும் டர்போவின் துணையால் வலு 455. 2020 இல் வந்த எஸ் 500 க்கு ஆறு உருளைகளுடைய 3 லீற்றர் எஞ்சின்; வலு 435. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. 500 என்பது இன்று அளவைக் குறிக்கும் எண்ணாக இல்லாமல், வரிசையிலே ஓர் ஆசனத்தைக் குறிக்கும் எண்ணாகவே உள்ளது. லெக்ஸஸ் கம்பனியும் 2017 இல் தன் தலைமை வண்டியிலிருந்து எட்டு உருளை எஞ்சினை நீக்கி, டர்போ இரண்டு பொருந்திய 3.5 லீற்றர் ஆறு உருளை எஞ்சினை வைத்தது. 4.6 லீற்றர் பழைய எஞ்சினிலும் புதியதன் வலு கூடியது.

எஞ்சின்கள் இவ்வாறு சிறுத்ததற்குப் பொறியியலறிவு மட்டுங் காரணமன்று; சட்டமும் வரியுங் காரணம். புதிய வண்டிகள் சராசரியாகக் கிலோமீற்றருக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு 2015 இல் 130 கிராமுக்கும், 2021 இல் 95 கிராமுக்கும் இறங்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வகுத்தது. பெரிய சொகுசு வண்டிகள் மிகுதியாக விலைபோகும் நாடாகிய சீனா, 2008 செப்டெம்பரில், 4 லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கான நுகர்வு வரியை நூற்றுக்கு 20 இலிருந்து 40 ஆக உயர்த்தியது. அவ்வளவில், 4 லீற்றருக்குட் பட்ட எஞ்சின்களைச் செய்வதே கம்பனிகளுக்கு இலாபமாயிற்று.

வரியானது எஞ்சினின் வடிவத்தையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் பழைய சான்று பிரித்தானியாவில் உண்டு. அங்கே 1921 முதல் ஒரு குதிரைவலுவுக்கு ஒரு பவுண் வீதம் வரி விதிக்கப்பட்டது. ஆனால் அந்தக் குதிரைவலு உண்மையாக அளந்து அறிந்ததன்று; உருளையின் விட்டத்தையும் தொகையையும் மட்டுங் கொண்டு ஒரு சூத்திரத்தாற் கணித்தது. பிஸ்டன் ஓடும் நீளம் கணக்கிற் சேரவில்லை. ஆகவே பிரித்தானியக் கம்பனிகள் ஒடுங்கி நீண்ட உருளைகளையே ஆண்டுக்கணக்காகச் செய்துவந்தன. நமது நாட்டிலும் இறக்குமதியாகும் பெற்றோல் வண்டிக்கு எஞ்சினின் கன சென்ரிமீற்றர்க் கணக்கிலும், மின்சார வண்டிக்கு மோட்டாரின் கிலோவாற்றுக் கணக்கிலும் உற்பத்தி வரி அறவிடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 1,000 கன சென்ரிமீற்றருக்குட் பட்ட வண்டிகளை நம்மவர் தேடி வாங்குவதற்கும், பெரிய வண்டிகள் டர்போவோடு சிறிய எஞ்சின் பூண்டு வருவதற்கும் மூலகாரணம் ஒன்றே.

இவ்வளவுங் கேட்டபின், பெரிய எஞ்சினுக்கு இனி வேலையேயில்லை என்று தீர்ப்பளிக்கலாமா? அதன் சார்பிலே சொல்லவேண்டியவற்றையும் சொல்வதே நீதி.

முதலாவது, டர்போ வேலை செய்யப் புகை வேண்டும். புகை பெருக ஒரு கணம் வேண்டும். சாரதி காலை அழுத்துவதற்கும் வண்டி பாய்வதற்கும் இடையே அந்தக் கணம் சிறிதாயினும் உண்டு. பெரிய எஞ்சினில் விசை காத்திருக்கின்றது. சிறிய எஞ்சினில் விசையை அழைத்து வரவேண்டியிருக்கின்றது. இரண்டாவது, நான்கு உருளைகளின் துடிப்பை எவ்வளவு மூடி மறைத்தாலும், நுட்பமான செவிக்கு அது எட்டும். மூன்றாவது, சிறிய எஞ்சின் சிக்கனமாக இருப்பது மெதுவாகச் செலுத்தும்வரையிலேதான். பெரும் பாரத்தோடு விரைந்து செலுத்தினால் அதுவும் தாராளமாகவே எரிபொருளை அருந்தும். நான்காவது, ஒரு லீற்றரிலிருந்து மிகுந்த வலுவைப் பிழியும்பொழுது வெப்பமும் அமுக்கமும் கூடுகின்றன. எண்ணெய் மாற்றுவதிற் கவனக்குறைவை அத்தகைய எஞ்சின் எளிதிற் பொறுக்காது.

இக்காரணங்களாற் போலும், உச்சியில் இருப்போர் சிலர் பருமனை விடவில்லை. 2017 இல் வந்த றோல்ஸ் றோய்ஸ் பன்றம் வண்டிக்கு 12 உருளைகளும் 6.75 லீற்றரும் உண்டு. ஆனால் அதிலும் இரண்டு டர்போக்கள் உள என்பதை மறத்தலாகாது. நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே 900 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை கிடைப்பது அவற்றின் உதவியால். 1959 இற் பிறந்து, பின்னர் 6.75 லீற்றராக வளர்ந்த பென்ற்லியின் எட்டு உருளை எஞ்சின் 2020 இல் ஓய்வு பெற்றது. பி.எம்.டபிள்யூ. 7 ஆம் வரிசையின் பன்னிரண்டு உருளை எஞ்சின் 2022 இல் விடைபெற்றது. பென்ற்லியின் பன்னிரண்டு உருளை எஞ்சின் 2024 இல் முடிவெய்தியது. அதனிடத்தை 4 லீற்றர் எஞ்சினும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து பிடித்தன. பழையதன் வலு 635 குதிரைவலுவாயிருக்க, புதிய சேர்க்கையின் வலு 782.

இந்த மின்மோட்டாரே வழக்கை முடித்துவைக்கும் சாட்சி. மின்மோட்டாருக்கு உருளையில்லை, தகனமில்லை, துடிப்பில்லை. சுழலத் தொடங்கும் கணத்திலேயே அது தன் முழு முறுக்குவிசையையும் தருகின்றது; கியரை மாற்றும் தேவையுமில்லை. 1911 இல் எடின்பரோவை நோக்கி ஒரே கியரில் ஓடிய வண்டி எதனை நாடிற்றோ, அதனை மின்மோட்டார் இயல்பாகவே உடையது. மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். 2021 இலும், பி.எம்.டபிள்யூ. ஐ7 வண்டி 2022 இலும் வெளிவந்தன. றோல்ஸ் றோய்ஸ் கம்பனியே 2023 இல் 'ஸ்பெக்ரர்' என்னும் இருகதவு மின்சார வண்டியை வாங்குவோர் கையிற் கொடுத்தது. ஓசையின்மையையே நூறாண்டுக்கு மேலாகத் தன் புகழாகக் கொண்ட கம்பனிக்கு இது பொருத்தமான முடிவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். லீற்றர் போன இடத்திற் கிலோவாற்று மணி வந்து அமர்கின்றது. எவ்வளவு பெரிய மின்கலம், எத்தனை நூறு குதிரைவலு என்ற பேச்சு இப்பொழுதே தொடங்கிவிட்டது. 100 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட மின்கலத்தைச் சுமக்கும் ஐ7 வண்டியின் நிறை 2½ தொன்னுக்கு மேற்பட்டது. அந்நிறையை இழுக்க மின்சாரம், அம்மின்சாரத்தை வைக்க மேலும் நிறை என்ற சுழலில் நாம் அகப்பட்டால், 8.2 லீற்றர்க் காலத்து மயக்கமே வேறு வேடத்தில் வந்ததாகும்.

ஆகவே நேயர்களே, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இது. வலுவுக்காகப் பருமன் வேண்டும் என்ற காலம் கழிந்துவிட்டது. இனிமைக்காக உருளைகள் பல வேண்டும் என்ற கூற்றிற் சிறிது உண்மை எஞ்சியிருக்கின்றது. அதுவும் எஞ்சின் உள்ள வண்டிகளுக்கே பொருந்தும். பெருமைக்காகப் பருமனை விரும்புவோர் என்றும் இருப்பர். அவர்கள் வாங்குவது விலையுயர்ந்த கடிகாரத்தை வாங்குவது போன்றதொரு செயல். அதிற் குற்றமில்லை, ஆனால் அதனைப் பொறியியல் நியாயம் என்று கொள்ளல் வேண்டா.

பெரிய வண்டியாயினும் சிறிய வண்டியாயினும் வாங்கப் போகின்றவர் பின்மூடியின் இலக்கத்தை விட்டுவிட்டு, வேறு சில கேள்விகளைக் கேட்கட்டும். முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும்பொழுது எஞ்சின் திணறுகின்றதா? தெருவிலே மெல்லச் செல்லும்பொழுது துடிப்பு ஆசனத்துக்கு எட்டுகின்றதா? பத்தாண்டு கழிந்தபின் அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் உதிரிப்பாகமும் நம் ஊரிற் கிடைப்பார்களா, கிடைக்குமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமாயின், எஞ்சின் 6 லீற்றராயினும் 1 லீற்றராயினும் கவலையில்லை. அதன் வலு எவ்வளவு என்று அயலவர் கேட்டால், அந்தப் பழைய கம்பனி சொன்ன சொல்லையே நீங்களுஞ் சொல்லலாம்: போதியது.